குட்டிக்கு இன்னொரு நாள்

குட்டியின் வயிற்றில் கட்டி திரும்பவும் வந்திருப்பதை முதலில் கண்டவள் என் தங்கை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு, கிணற்றடியில் உட்கார்ந்து அதன் வயிற்றைச் சொறிந்துகொடுப்பது அவள் வழக்கம். அன்று சொறிந்துகொண்டிருந்த கை சட்டென்று நின்றது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த நான், என்ன என்று கேட்டேன். விரலால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொறிவதை ஏன் நிறுத்தினாய் என்பதுபோலக் குட்டி முன்னங்காலால் அவள் மணிக்கட்டைத் தட்டியது.

தொண்ணூறுகளின் கடைசி அது. பத்மநாபசுவாமி கோயில் இருக்கும் ஊரில், கரமனையில், ஆற்றை ஒட்டிய அக்ரஹாரத் தெரு ஒன்றில் நானும் தங்கையும் மட்டும் இருந்தோம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா சில வருஷங்கள் படுத்த படுக்கையாகக் கிடந்து போனாள். தங்கை பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். நான் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். அவளுக்கு முடிந்த பிறகு எனக்கு என்று கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். அவளுக்கு அமையவில்லை. அதற்குப் பிறகு என்னுடையதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு பேருக்கும் நாற்பதைத் தொட்டும் தொடாத வயது. சண்டை கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது.

அம்மா இறந்த வருஷத்து மழையில்தான் குட்டி வந்தது. பள்ளிக்கூடத்து சைக்கிள் ஷெட்டில் நனைந்துகிடந்த நாட்டு நாய்க்குட்டியைத் தங்கை டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். எங்கள் தெருவில் வீட்டுக்குள் நாய் வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்போது இல்லை. "கிணத்தடியோட சரி, உள்ளே விடமாட்டேன்" என்று அவளே ஒரு சட்டம் போட்டாள். முதல் வருஷம் கிணற்றடியோடு இருந்தது. அடுத்த மழைக்குப் பின்கட்டு வரைக்கும் வந்தது. அதற்கும் அடுத்த மழையில் அவள் கட்டிலின் கால்மாட்டில் சுருண்டு படுத்திருந்தது. சட்டம் போட்டவளே அதற்கு ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டிருந்தாள். நல்லதாக ஒரு பெயர் தேடி வைத்தும், இரண்டு பேருமே குட்டி என்றுதான் கூப்பிட்டோம். வளர்ந்து கிழடான பிறகும் அது குட்டிதான்.

எங்களுக்குள் பேச்சு என்று நடந்ததெல்லாம் குட்டியின் தலைக்கு மேலாகத்தான்.

"மாமாவுக்கு இன்னிக்கு ரசம் பிடிக்கலை, கேட்டியா குட்டி? கிண்ணம் அப்படியே இருக்கு" என்பாள் அவள். அதற்கு நான் மாமா.

"ரசத்துல உப்பே இல்லைன்னு உன் டீச்சர்கிட்ட சொல்லு" என்பேன் நான்.

குட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். யாராவது சாப்பிட ஏதாவது தருவார்கள் என்ற நம்பிக்கை.

முதல் கட்டி இதற்கு ஒரு வருஷம் முன்னால் வந்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்த டாக்டர் சின்ன வயதுப் பெண், மலையாளி. பெட்டை நாய்களுக்கு இந்த முலைக்கட்டி சாதாரணம், ஆனால் திரும்ப வரலாம், வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லியிருந்தார். தையல் பிரித்த அன்று குட்டி ஆட்டோவிலிருந்து குதித்து வீட்டுக்குள் ஓடியது. தங்கை அன்று பால் பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டதற்கு, சும்மாதான் என்றாள்.

இந்த முறை டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னார்.

"டீச்சரே, இது லங்ஸிலேக்குப் போயிட்டுண்டு. இனி ஆபரேஷன் செய்திட்டுக் காரியமில்ல."

நுரையீரலில் பரவிவிட்டது, இனி ஆபரேஷனால் பயனில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அம்மாவின் கடைசிக் காலம் எங்களுக்கு இந்த வார்த்தைகளையெல்லாம் பழக்கியிருந்தது. வலிக்கு மருந்து தருகிறேன் என்றார் டாக்டர். கொஞ்ச நாளைக்கு அது வேலை செய்யும். பிறகு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அப்போது நீங்கள் இரண்டு பேரும் யோசித்துச் சொல்லுங்கள், நான் வீட்டுக்கே வந்து ஊசி போட்டுத் தருகிறேன், இங்கே தூக்கிக்கொண்டு வந்து அதைப் பயமுறுத்த வேண்டாம் என்றார். "தூங்க வைக்கறது" என்ற வார்த்தையைத் தமிழில் சொன்னார். எங்களுக்காகத் தேடிப் பிடித்துச் சொன்னதுபோல இருந்தது.

ஆட்டோவில் வரும்போது குட்டி எங்கள் இரண்டு பேரின் மடியிலும் நீளமாகப் படுத்திருந்தது. தலை அவள் பக்கம், வால் என் பக்கம். கரமனைப் பாலம் தாண்டும்போது நான் சொன்னேன்: "கஷ்டப்பட விடவேண்டாம். டாக்டர் சொல்றது சரியாக்கும்."

அவள் குட்டியின் மடங்கிய காதை விரித்து உள்ளே ஊதினாள். "குட்டி, மாமாகிட்ட சொல்லு, இன்னும் மூச்சு வாங்கலை."

எனக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை. முடிவு தெரிந்துவிட்டது, எதற்காக இழுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆபீஸில் ஒருவர் தன் நாய்க்கு இப்படிச் செய்ததைச் சொல்லியிருந்தார். ரொம்ப அமைதியாகப் போயிற்று என்றார். அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். தங்கை கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மருந்தைப் பொடித்துத் தயிரில் குழைக்கப் போய்விட்டாள்.

இரண்டாவது மாதத்தில் கட்டி உடைந்தது. காலையில் பள்ளிக்கூடம் போகும் முன்பும் சாயங்காலம் வந்த உடனேயும் அவள் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, பழைய பருத்திப் புடவையைக் கிழித்துச் சுற்றிக் கட்டுவாள். எவ்வளவு கட்டினாலும் ஈ மொய்த்தது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஈயைத் துரத்தி மாளாது. கடைசியில் தன் கொசுவலையைக் கழற்றி, பின்கட்டில் நான்கு ஆணி அடித்து, குட்டிக்கு மேலே கட்டிவிட்டாள். அவளைக் கொசு பிய்த்தது. ராணி மாதிரி வலைக்குள் உட்கார்ந்து குட்டி எங்களைப் பார்த்தது. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

வாடை இருந்தது. நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு மாறினேன். அவள் பின்கட்டிலேயே, வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

குட்டி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ள ஆரம்பித்த வாரம், நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அது. அவள் அதன் வாயில் கஞ்சியைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி வெளியே வழிந்தது.

"இது யாருக்காக?" என்றேன். "அதுக்காகவா, உனக்காகவா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். குட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு நாம ஊசி போட்டோமா?"

"அம்மாவும் இதுவும் ஒண்ணா? மனுஷாளுக்கு அப்படிப் பண்ண முடியுமா?"

"அம்மா கேட்டா. தெரியுமோ உனக்கு?"

எனக்குத் தெரியாது.

"கடைசி மாசமாக்கும். நீ ஆபீஸ் போயிருந்தே. நான் முதுகுப் புண்ணைத் துடைச்சிண்டிருந்தேன். 'ஒரு ஊசி போட்டு என்னை அனுப்பிடச் சொல்லுடீ, அந்த டாக்டர் நல்லவர், நீ சொன்னாக் கேப்பர்'னா. நான் திட்டினேன். இப்படியெல்லாம் பேசினா நாளையிலேர்ந்து இந்த ரூமுக்குள்ளேயே வரமாட்டேன்னு சொன்னேன். அதுக்கப்பறம் அவ அதைப் பத்தி வாயே தொறக்கலை. வலிக்கறதாம்மான்னு கேட்டா, இல்லே இல்லேன்னே சொல்லிண்டிருந்தா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே?"

யோசித்துப் பார்த்தேன். "நானும் திட்டித்தான் இருப்பேன்."

"பின்னே?"

கஞ்சி அவள் புடவையில் வழிந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இல்லேன்னு அவ சொன்னது எனக்காகத்தான். இதுவும் அப்படித்தான் பண்றது, அண்ணா. நாள் முழுக்க முனகிண்டு கிடக்கறதுன்னு பக்கத்தாத்து மாமி சொல்றா. நான் வந்து நின்னா வாலை ஆட்டறது. எனக்கு எப்படித் தெரியும் இதுக்கு எப்போ போறும்னு?"

அவள் ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மாவிடம் தான் ஒரு தடவை சொன்னது சரியா என்று தெரியாமல் இத்தனை வருஷம் இருந்தவள், இன்னொரு தடவை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தாள். நானோ ஆபீஸ்காரர் சொன்னதை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பின்கட்டுக்கே கொண்டுவந்தேன்.

கொஞ்ச நாளில் அவளே சொன்னாள், டாக்டரை வரச் சொல்லலாம் என்று. போன் செய்து சாயங்காலத்துக்கு ஏற்பாடு செய்தோம். அன்று காலையில் பால்காரர் மணி அடித்ததும், நாலைந்து நாளாக எழுந்திருக்காத குட்டி எழுந்தது. கொசுவலையை மூக்கால் தள்ளிக்கொண்டு நடந்து, நடையைத் தாண்டி, வாசல் கதவு வரைக்கும் போய், பால்காரரைப் பார்த்துக் குரைத்தது. பழைய குரல் இல்லை. இருமல் பாதி, குரைப்பு பாதி. பத்து வருஷமாக அந்த மனிதரைத் திருடன் என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது.

"ஆஹா, ஜீவன் உண்டல்லோ!" என்றார் அவர்.

தங்கை ஒரு கிண்ணம் தயிர்சாதம் வைத்தாள். தின்றது. கிண்ணத்தைக்கூட நக்கி வைத்தது. அவள் நேராகப் போய் போனை எடுத்தாள். "டாக்டர், இன்னிக்கு வேண்டா" என்று அவள் சொன்னதும் டாக்டர் என்ன சொன்னாரோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். போனை வைத்துவிட்டு, "எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாளாம். எப்போ வேணும்னாலும் கூப்பிடுங்கோங்கறா" என்றாள்.

அடுத்து வந்த சில நாட்கள் நன்றாக இருந்தன. நாங்கள் குட்டியை ஆற்றங்கரை வரை தூக்கிக்கொண்டு போனோம். அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக ஒரு பெட்ஷீட்டில் வைத்துத் தூக்கினோம். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். படிக்கட்டில் உட்கார வைத்ததும் அது மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்தது. ஓடுகிற தண்ணீரையும் எதிர்க்கரையில் துணி துவைப்பவர்களையும் பார்த்துக்கொண்டு இருட்டும் வரை அப்படியே இருந்தது. அந்த நாட்களை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இப்போதும் மனசு வராது.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

ஒரு நாள் மதியம் ஆபீஸில் எனக்குப் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். தங்கை லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். "அண்ணா, வா" என்று மட்டும் சொன்னாள். டாக்டரைக் கூப்பிட்டாயா என்று கேட்டதற்கு, "வந்துண்டிருக்கா" என்றாள்.

கழக்கூட்டத்தில் பஸ் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே பஸ் நகராமல் நின்றது. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டதால் எங்கே நிற்கிறோம் என்றுகூடத் தெரியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கட்டும் என்று ஒரு மனசு நினைத்தது. நான் போகாமல் எதுவும் நடந்துவிடக் கூடாது என்று இன்னொரு மனசு பதறியது. கிழக்கேகோட்டையில் இறங்கி, பஸ் மாறப் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்தேன்.

டாக்டரின் ஸ்கூட்டர் வாசலில் நனைந்துகொண்டிருந்தது. பின்கட்டில் கொசுவலையைக் கழற்றியிருந்தார்கள். டாக்டர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாகக் காத்திருந்தாரோ.

"அண்ணா வரட்டும்னேன்" என்றாள் தங்கை.

குட்டி உட்கார்ந்திருந்தது. முழங்கைகளை வெளிப்பக்கம் அகட்டி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கியது. நாக்கு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாலின் நுனி மட்டும் தரையில் இரண்டு தடவை அசைந்தது.

முதல் நாளிலிருந்து ஊசி ஊசி என்று சொன்ன நான், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு நாள் பார்க்கலாமே" என்றேன். "அன்னிக்கும் இப்படித்தானே கிடந்தது? அப்பறம் எழுந்து வாசல் வரைக்கும் போகலையா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். ஊசியை எடுக்கவில்லை.

தங்கை என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். நாங்கள் கையைப் பிடித்துக்கொள்கிற அண்ணன் தங்கை அல்ல. அவள் கை ஈரமாகவும் டெட்டால் வாசனையோடும் இருந்தது.

"இல்லே, அண்ணா. நீயும் பார்த்தியே, முந்தாநாள்லேர்ந்து இது படுக்கவே இல்லை. படுத்தா மூச்சு முட்டறது. உக்காந்தபடியே தூங்கறது, சாயறது, திரும்பவும் எழுந்து உக்காறது. நானும் கூடவே உக்காந்து பார்த்துண்டிருக்கேன். இன்னிக்குக் கார்த்தால வாலைக்கூட ஆட்டலை. இப்போ உனக்குத்தான் ஆட்டியிருக்கு." அவள் குரல் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நிதானமாக இருந்தது. "எனக்கு நன்னாத் தெரியறது. போறும்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டர் முன்னங்காலில் கொஞ்சம் மயிரை வழித்தார். முதல் ஊசி மயக்கத்துக்கு, வலி இருக்காது என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போட்டார். குட்டி திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்து தளர்ந்தது. முழங்கைகள் உள்ளே மடங்கின. இரண்டு நாளைக்குப் பிறகு அது படுத்தது, தங்கையின் மடியில் தலை வைத்து. மூச்சு அப்போதும் இரைந்தது, ஆனால் அந்த இழுப்பு இல்லை. அவள் முந்தானையால் அதன் கண்ணோரத்துப் பீளையைத் துடைத்தாள்.

"போறும்டி குட்டி, போறும். தூங்கு."

இரண்டாவது ஊசி போட்டது எனக்குத் தெரியவே இல்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காத்திருந்தார். கூரை ஓட்டிலிருந்து முற்றத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர், "டீச்சரே, ஒரு காப்பி தருமோ?" என்று கேட்டார். தங்கை திடுக்கிட்டதுபோல நிமிர்ந்தாள். குட்டியின் தலையை மெதுவாக என் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்து போனாள். ஸ்டவ் பற்றவைக்கும் சத்தமும் டபரா எடுக்கும் சத்தமும் கேட்டன. காப்பி வந்தது. டாக்டர் இரண்டு வாய் குடித்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லி மீதியை வைத்துவிட்டார். அந்தக் காப்பி அவருக்காகக் கேட்டது இல்லை என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது.

கொல்லையில் குழி தோண்டுவதும் சுலபமாக இல்லை. ஆற்றுக்குப் பக்கம் என்பதால் மழைக்காலத்தில் முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் ஊறிவிடும். நான் தோண்டிய முதல் குழி நிரம்பிவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையோடும் மண்வெட்டியோடும் வந்தார். "மேட்டுல தோண்டணும் ஓய், கறிவேப்பிலைக்கு அந்தண்டை" என்றார். இரண்டு பேரும் மாறி மாறி வெட்டினோம். வெட்டாதபோது குடை பிடித்தோம். தங்கை குட்டியைப் போர்வையில் சுற்றித் தந்தாள். குழிக்குள் இறக்கியதும் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நானும் ஆபீஸ் போனேன். வீட்டுக்குள் நுழைந்தால் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. "ரசம் எப்படியிருக்கு?" என்று ஒரு நாள் அவள் நேராகக் கேட்டபோது, குட்டி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

மழை விட்ட பிறகு ஒரு சனிக்கிழமை, "எங்கேயாவது போலாமா?" என்றாள். இதற்கு முன்னால் அவள் அப்படிக் கேட்டதில்லை. பொன்முடி மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். மேலே குளிராக இருக்கும் என்று அவள் சொன்னதால் அடிவாரத்தில், கல்லாறிலேயே இறங்கிவிட்டோம். ஆற்றுக்குள் பெரிய பெரிய பாறைகள். ஒன்றில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, கடையில் வாங்கிய பழம்பொரி பஜ்ஜியைத் தின்றோம்.

"நாம சீக்கிரம் பண்ணிட்டோமோ?" என்று கேட்டாள்.

"எனக்கு ரெண்டு நாள் லேட் பண்ணிட்டோம்னு தோணறது."

"எனக்கும் அப்படித்தான் தோணறது." காலால் தண்ணீரை அளைந்தாள். "ஆனா அந்த ஆத்தங்கரை நாள் இருந்துதே. அது வேணும்."

"வேணும்."

"அம்மா விஷயம் எனக்கு இன்னும் தெரியலை, அண்ணா. நான் திட்டினது தப்போ சரியோ. தெரியாமலேதான் இருக்கும்போல."

என் பழம்பொரியில் பாதியைப் பிய்த்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு அவள் அம்மாவைப் பற்றிப் பேசினாள். நோயைப் பற்றி இல்லை. பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிற வழியில் அம்மாவின் செருப்பை ஒரு பசுமாடு கவ்விக்கொண்டு போனதையும், வெறுங்காலோடு அம்மா அதன் பின்னால் சாலைக் கடைத்தெரு வரைக்கும் ஓடியதையும் சொன்னாள். பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்து சொல்ல முடியாமல் போயிற்று. மீதியை நான் சொன்னேன். எனக்கும் அது ஞாபகம் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அவளுக்கு ஒரு சீட் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளைவுகளில் தள்ளாடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, கையை நீட்டி என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நெடுமங்காடு வருவதற்குள் அதன்மேல் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.